கழிவிலும் கடல் சேற்றிலும் இருப்பது தண்ணீருக்கு எப்படி வருகிறது?

பித்தளைக் குடத்தில் தண்ணீர் பிடித்து வைப்பது காலங்காலமாக நடப்பதுதான். அதே பித்தளையில், ஈயம் (அதாவது வெள்ளீயம்) பூசாமல், புளிக்குழம்பு வைக்க வீட்டில் பெரியவர்கள் விடமாட்டார்கள். வைத்தால் களிம்பு ஏறும், குழம்பு கசக்கும், சாப்பிட்டவருக்கு வயிற்றைப் புரட்டும். குடத்திலும் குழம்புப் பாத்திரத்திலும் உலோகம் ஒன்றுதான்: செம்பும் துத்தநாகமும். தண்ணீர் தொட்டபோது அவை பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருந்தன. புளி தொட்டதும் கரைந்து குழம்புக்குள் இறங்கிவிட்டன.

கழிவுக் குவியலிலிருந்தும் கடலடிச் சேற்றிலிருந்தும் உலோகங்களும் உப்புகளும் வெளியேறுவதைப் புரிந்துகொள்ள இந்த வீட்டறிவு போதும், தொடங்கிவிடலாம். ஒரு பொருளுக்குள் என்ன இருக்கிறது என்பது ஒரு கேள்வி. அதில் எவ்வளவு, எந்தத் தண்ணீரில், எவ்வளவு வேகமாக வெளியே வரும் என்பது இன்னொரு கேள்வி. "மண்ணில் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் ஈயம்" என்று செய்தியில் படிக்கும்போது நமக்குக் கிடைப்பது முதல் கேள்விக்கான பதில் மட்டும்தான். கிணற்றுக்கும் மீனுக்கும் என்ன போய்ச் சேரும் என்பதை இரண்டாவது கேள்விதான் தீர்மானிக்கிறது.

இந்த இரண்டுக்கும் எவ்வளவு தூரம் என்பதற்கு ஒரு மருத்துவமனை உதாரணம் சொல்கிறேன். பேரியம் உடலுக்குள் கரைந்து போனால் இதயத்தையும் தசைகளையும் முடக்கும் நஞ்சு. பேரியம் கார்பனேட்டை எலி மருந்தாகவே பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் குடலை எக்ஸ்ரே எடுக்கும் முன் நோயாளிக்குக் குடிக்கக் கொடுக்கும் வெள்ளைக் கரைசலும் பேரியம்தான். அது பேரியம் சல்பேட். வயிற்று அமிலத்தில்கூட அது கரையாது. உள்ளே போனது போலவே வெளியே வந்துவிடும். தனிமம் ஒன்றே, அது எந்தச் சேர்மத்தில் பூட்டப்பட்டிருக்கிறது என்பதில்தான் உயிருக்கும் சாவுக்குமான வித்தியாசம்.

சரி, கனிமப் பொருள்கள் என்று எவற்றைச் சொல்கிறோம்? ஈயம், பாதரசம், காட்மியம், குரோமியம், ஆர்செனிக், போரான் போன்ற தனிமங்கள். குளோரைடு, சல்பேட் போன்ற உப்புகள். பாஸ்பேட், அமோனியம் போன்ற சத்துகள். எண்ணெயையோ பூச்சிமருந்தையோ நுண்ணுயிர்கள் காலப்போக்கில் உடைத்துவிடக்கூடும். ஈயத்தை எந்த உயிரும் உடைக்க முடியாது. நூறு வருடம் கழித்தும் அது ஈயமாகவே இருக்கும். அது மாற்றிக்கொள்ளக்கூடியவை இரண்டுதான்: இருக்கும் வடிவம், இருக்கும் இடம். அதனால்தான் அது எப்போது நகரும் என்பது இத்தனை முக்கியமாகிறது.

சாம்பலிலிருந்து சாறு இறங்குவது

கழிவுகளில் நான் எடுத்துக்கொள்வது நிலக்கரிச் சாம்பலை. இந்தியாவின் அனல் மின் நிலையங்கள் ஆண்டுக்கு 20 கோடி டன்னுக்கு மேல் சாம்பலை உண்டாக்குகின்றன. நம்முடைய நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சாம்பல் மிஞ்சுகிறது என்பதே இதற்குப் பெரிய காரணம்.

உலையில் நிலக்கரி எரியும்போது அதிலுள்ள களிமண்ணும் மணலும் உருகிக் குட்டிக் கண்ணாடி உருண்டைகளாகின்றன. மாவைவிட நைசானவை. அதே வெப்பத்தில் ஆர்செனிக், செலினியம், போரான் போன்றவை ஆவியாகிப் புகையோடு மேலே போகின்றன. புகை குளிரும்போது அந்த ஆவி எங்காவது படிய வேண்டுமே! பக்கத்திலேயே பறந்துகொண்டிருக்கும் கண்ணாடி உருண்டைகளின் மேல் படிகிறது. ஆக, சாம்பல் துகளில் உள்ளிருக்கும் கண்ணாடி எளிதில் கரையாது. தொல்லை தரும் தனிமங்களில் கணிசமான பங்கு வெளித்தோலில் இருக்கிறது. தண்ணீர் முதலில் தொடுவது அந்தத் தோலைத்தான்.

இப்போது காபி ஃபில்டரை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் டிகாக்‌ஷன் கெட்டியாக இறங்கும். அதே தூளில் மறுபடி வெந்நீர் ஊற்றினால் வெளிறிப்போய் இறங்கும். மூன்றாவது முறை நிறம் மட்டும்தான். சாம்பல் மேட்டில் மழை பெய்யும்போதும் இப்படித்தான். துகளின் மேல் வெறுமனே படிந்திருக்கும் உப்புகளும் சல்பேட்டும் போரானில் பெரும்பகுதியும் முதல் நீரிலேயே கழுவிக்கொண்டு போகும். அடுத்து, மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டிருப்பவை மெதுவாகப் பிடியை விடும். கடைசியில் கண்ணாடிக்குள் சிக்கியிருப்பவை, கண்ணாடியே சிதையச் சிதைய, பல ஆண்டுகளாகச் சொட்டிக்கொண்டிருக்கும்.

ஆகவே எவ்வளவு சாம்பலுக்கு எவ்வளவு தண்ணீர் என்ற விகிதம் இல்லாமல் எந்த அளவீட்டுக்கும் பொருள் கிடையாது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐந்து மீட்டர் உயர மேடு, ஒரு கன மீட்டர் ஒரு டன் எடை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு சதுர மீட்டர் தரைக்கு மேலே ஐந்து டன் சாம்பல். ஆண்டுக்கு 300 மில்லிமீட்டர் மழைநீர் உள்ளே இறங்கினால், ஒரு சதுர மீட்டருக்கு 300 லிட்டர். ஆய்வகத்தில் ஒரு கிலோவுக்குப் பத்து லிட்டர் என்ற கணக்கில் ஒரே நாளில் குலுக்கி எடுத்துவிடுகிறார்கள். இந்த மேட்டுக்கு அதே அளவு தண்ணீர் சேர 50,000 லிட்டர் வேண்டும். அதாவது ஏறக்குறைய 167 ஆண்டுகள். ஆய்வகத்தில் ஒரு நாளில் கிடைத்த எண், களத்தில் நம் பேரப்பிள்ளைகளையும் தாண்டிப் போகும் கதையின் சுருக்கம். அப்புறம், மேட்டின் மேல் மண் போட்டு மூடி உள்ளே இறங்கும் மழையைக் குறைத்தால் அந்தக் கதை இன்னும் நீளும், மெதுவாகும். கழிவு மேடுகளை மூடிவைப்பதற்குக் காரணம் இதுவே.

புளியும் சுண்ணாம்பும்

அமிலம் உலோகத்தைக் கரைக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதிலிருந்து, "அப்படியானால் காரமாக இருந்தால் பாதுகாப்பு" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. தொடங்குபவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஈயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அமில நீரில் நன்றாகக் கரைகிறது. பிஎச் என்பது நீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்; 7 நடு, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். அது ஏற ஏற ஈயம் கரைவது குறைந்து, 9, 10 வாக்கில் மிகக் குறைவாகிறது. அதற்கும் மேலே, சுண்ணாம்புத் தண்ணீர் போல 12ஐத் தாண்டினால், மறுபடி கரைய ஆரம்பிக்கிறது. துத்தநாகமும் இப்படியே. வரைபடம் போட்டால் நடுவில் குழிந்த ஒரு கிண்ணம் போலிருக்கும். குப்பை எரிக்கும் ஆலைகளின் சாம்பலில், புகையைச் சுத்தப்படுத்தச் சேர்த்த சுண்ணாம்பு மிஞ்சியிருப்பதால் பிஎச் 12க்குப் போய்விடுவதுண்டு. அந்தச் சாம்பலிலிருந்து ஈயம் கசிவது அமிலத்தால் நடப்பதில்லை, காரத்தால் நடப்பது.

ஆர்செனிக், செலினியம், மாலிப்டினம், ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் ஆகியவை வேறு ஜாதி. இவை தண்ணீரில் தனி உலோகமாக இருப்பதில்லை. ஆக்சிஜனோடு சேர்ந்து எதிர்மின் சுமையுள்ள கூட்டுகளாக மிதக்கின்றன. மண் துகள்களின் மேற்பரப்பும், நீர் காரமாக ஆக ஆக, எதிர்மின் சுமை பெறுகிறது. ஒரே சுமை ஒன்றையொன்று தள்ளும் அல்லவா? அதனால் ஈயம் அடங்கிக் கிடக்கும் காரமான நீரில் இவை தாராளமாக உலவுகின்றன.

2010 அக்டோபர் 4 அன்று ஹங்கேரியின் ஐகா என்ற ஊருக்கு அருகே அலுமினிய ஆலையின் செஞ்சேற்றுத் தேக்கம் உடைந்தது. பத்துப் பேர் இறந்தார்கள். அந்தச் சேற்றின் பிஎச் 13 அளவில் இருந்தது. பட்ட தோல் வெந்தது. அது பாய்ந்த ஓடைகளில் ஆர்செனிக், வனேடியம், மாலிப்டினம் ஆகியவை கரைந்த நிலையில் இருந்தன, காரணம் அந்தக் காரத்தன்மையே. ஆற்றில் ஜிப்சத்தைக் கொட்டிப் பிஎச்சை இறக்கினார்கள். காரம் தணிந்ததும் இந்தத் தனிமங்களில் சில மறுபடி துகள்களில் ஒட்டிக்கொண்டன. நோய்க்கேற்ற மருந்து. அதே ஜிப்சத்தை அமிலம் கசியும் ஒரு சுரங்கத்தில் கொட்டியிருந்தால் பயனில்லை.

சோதனைக் கூடத்தில்

ஒரு கழிவு ஆபத்தானதா என்று முடிவு செய்ய உலகெங்கும் கசிவுச் சோதனைகள் உண்டு. அதிகம் பேசப்படுவது அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை வகுத்தது. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளும் அதைப் பயன்படுத்துகின்றன. கழிவைப் பொடித்து, அதன் எடையைப் போல 20 மடங்கு நீர்த்த அசெட்டிக் அமிலத்தில், அதாவது வினிகரின் அமிலத்தில் போட்டு, நிமிடத்துக்கு 30 சுற்று வீதம் சுமார் 18 மணி நேரம் சுழற்ற வேண்டும். பிறகு வடிகட்டி அளக்க வேண்டும். வடிநீரில் ஈயம் லிட்டருக்கு 5 மில்லிகிராமை எட்டினால் அது அபாயகரக் கழிவு. காட்மியத்துக்கு 1, பாதரசத்துக்கு 0.2.

இதில் ஓர் எளிய குறுக்குவழி ஒளிந்திருக்கிறது. ஒரு கிலோ கழிவில் மொத்தமே 100 மில்லிகிராம் ஈயம் இருந்தால், அது முழுதும் 20 லிட்டரில் கரைந்தாலும் லிட்டருக்கு 5 மில்லிகிராமைத் தாண்டாது. ஆகவே மொத்த ஈயம் அதற்குக் கீழே என்றால் சோதனையே தேவையில்லை. அதற்கு மேலே என்றால்? தெரியாது, செய்து பார்த்தால்தான் உண்டு. மொத்தத்துக்கும் கசிவுக்கும் உள்ள உறவு இந்த ஒரு வரிக் கணக்கில் அழகாகத் தெரிகிறது.

இந்தச் சோதனையை நான் மதிக்கிறேன், ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இது வகுக்கப்பட்டது ஒரு குறிப்பிட்ட சூழலை மனத்தில் வைத்து: வீட்டுக் குப்பை அழுகி அமிலம் சுரக்கும் கிடங்கில் இந்தத் தொழிற்கழிவையும் கொட்டினால் என்ன ஆகும் என்பது. எல்லாக் கழிவும் அங்கே போவதில்லை. பழைய குப்பை மேடுகளின் நீர் அமிலமாகவும் இருப்பதில்லை. காரப் பக்கம் சாய்ந்து, ஆக்சிஜன் இல்லாமல் இருக்கிறது. அந்த நீரில் ஆர்செனிக் இந்தச் சோதனை காட்டுவதைவிட அதிகமாக வெளிவரக்கூடும். ஒரே கழிவைப் பல பிஎச்களில் சோதிப்பது, குழாயில் நிரப்பி அதன் வழியே நீர் செலுத்துவது, கட்டியாக அப்படியே ஊற வைப்பது என்று பின்னாளில் வந்த முறைகள் இதற்காகத்தான். ஒற்றை எண்ணுக்குப் பதில் அவை ஒரு வளைகோட்டைத் தருகின்றன. களத்து நீர் அந்தக் கோட்டில் எங்கே நிற்கிறது என்று நாம் பொருத்திப் பார்க்கலாம்.

கட்டி என்றதும் சிமென்ட் நினைவுக்கு வருகிறது. சாம்பலையோ உலோகச் சேற்றையோ சிமென்டோடு கலந்து கல்லாக்கிவிடுவது பரவலான வைத்தியம். பனங்கற்கண்டு தூள் சர்க்கரையைவிட மெதுவாகக் கரைகிற அதே காரணம் இங்கும் வேலை செய்கிறது: நீர் தொடும் பரப்பு குறைவு. உள்ளிருப்பது நீர் நிரம்பிய நுண்துளைகள் வழியாக ஊர்ந்து வெளியே வர வேண்டும். நாளாக ஆக, அது வர வேண்டிய தூரம் கூடிக்கொண்டே போவதால் வேகமும் குறைந்துகொண்டே போகும். கல் உடைந்து பொடியானால் மட்டும் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

கடலடிச் சேறு: மேலே பழுப்பு, கீழே கறுப்பு

உப்பங்கழியில் இறங்கி நடந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். சேற்றின் மேல்தோல் பழுப்பாக இருக்கும். கால் புதைந்து வெளியே வரும்போது கறுப்புச் சேறு அப்பிக்கொண்டு வரும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அந்த நிறத்தையும் நாற்றத்தையும் படிக்கத் தெரிந்தால் கடல் சேற்றின் வேதியியலில் பாதி வந்துவிட்டது.

இறந்த பாசியும் இலையும் மீன் கழிவும் சேற்றில் விழுகின்றன. நுண்ணுயிர்கள் அதைத் தின்கின்றன. தின்பதற்கு நம்மைப் போல அவற்றுக்கும் சுவாசிக்க ஏதாவது வேண்டும். முதலில் ஆக்சிஜன். கரையோரச் சேற்றில் அது சில மில்லிமீட்டர் ஆழத்துக்குள் தீர்ந்துவிடுகிறது. அடுத்து நைட்ரேட், அப்புறம் மாங்கனீசு ஆக்சைடு, அதன்பின் இரும்புத் துரு, பிறகு சல்பேட். ஒன்று தீர்ந்தால் அதைவிடக் குறைந்த ஆற்றல் தரும் அடுத்ததுக்கு இறங்குகின்றன. கடல்நீரில் லிட்டருக்கு 2.7 கிராம் சல்பேட் இருப்பதால் அந்தப் படியில் நெடுநேரம் நிற்க முடிகிறது. சல்பேட்டைச் சுவாசித்துவிட்டு அவை வெளிவிடுவது ஹைட்ரஜன் சல்பைடு. அழுகிய முட்டை நாற்றம் அதுதான். அந்தச் சல்பைடு இரும்போடு சேர்ந்தால் கறுப்பு. மேல்தோலின் பழுப்பு, ஆக்சிஜன் இன்னும் மிச்சமிருப்பதால் துருவாகவே இருக்கும் இரும்பு.

இந்த இரும்புத் துருதான் நம் கதையின் நடு ஆள். அதன் பரப்பில் பாஸ்பேட்டும் ஆர்செனிக்கும் இறுக ஒட்டிக்கொள்ளும். ஆக்சிஜன் இருக்கும்வரை பூட்டு பூட்டியே இருக்கும். ஆக்சிஜன் தீர்ந்து நுண்ணுயிர்கள் துருவையே சுவாசிக்கத் தொடங்கியதும் இரும்பு கரைந்துபோகிறது. அதைப் பற்றிக்கொண்டிருந்தவை தண்ணீருக்கு வந்துவிடுகின்றன. யாரும் புதிதாக எதையும் கொட்டவில்லை. அமிலமும் சேரவில்லை. காற்று மட்டும் இல்லாமல் போனது.

பால்டிக் கடல் இதை ஒரு கடல் அளவுக்குக் காட்டுகிறது. டென்மார்க்கை ஒட்டிய குறுகிய நீரிணைகள் வழியாக மட்டுமே அது வெளிக்கடலோடு தொடர்பு கொண்டது. மேலே ஆறுகள் கொண்டுவரும் இலேசான நீர், கீழே உப்புக் கூடிய கனத்த நீர். இரண்டும் எளிதில் கலப்பதில்லை. ஆழத்துக்கு ஆக்சிஜன் போய்ச் சேருவதும் அரிது. 20ஆம் நூற்றாண்டில் வயல்களிலிருந்தும் நகரங்களிலிருந்தும் பாஸ்பரஸ் ஏராளமாக வந்து அடிச்சேற்றில் படிந்தது. 1974இல் கரையோர நாடுகள் கடலைக் காக்க ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. 1980களில் உச்சத்தில் இருந்த பாஸ்பரஸ் வரத்து இன்று ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. ஆனாலும் கோடையில் நீலப்பச்சைப் பாசி கடல்மேல் பரவுவது நிற்கவில்லை. பழைய பாஸ்பரஸைச் சேறு திருப்பித் தருகிறது. அதைத் தின்று வளரும் பாசி செத்து அடியில் விழுகிறது. அது அழுகும்போது மிச்சமிருக்கும் ஆக்சிஜனும் போகிறது. ஆக்சிஜன் போனதால் இன்னும் கொஞ்சம் துரு கரைகிறது, இன்னும் கொஞ்சம் பாஸ்பரஸ் வெளியே வருகிறது.

கடலில் இது ஏரியைவிட மோசமாக இருப்பதற்குச் சல்பைடே காரணம். ஏரியில் கரைந்த இரும்பு மேலே வந்து, ஆக்சிஜனைச் சந்தித்து, மறுபடி துருவாகிப் பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். கடலில் சல்பைடு இடையில் புகுந்து இரும்பைக் கறுப்புச் சல்பைடாகக் கட்டிப்போட்டுவிடுகிறது. பூட்டே காணாமல் போய்விடுகிறது. ஸ்டாக்ஹோம் அருகே ஒரு சிறு குடாவில் 2012, 2013 ஆண்டுகளில் சேற்றுக்குள் அலுமினியச் சேர்மத்தைச் செலுத்திப் பாஸ்பரஸைப் பிடித்து வைத்தார்கள். அலுமினியத்தை நுண்ணுயிர்களால் சுவாசிக்க முடியாது. ஆக்சிஜன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தப் பூட்டு அப்படியே நிற்கும். இந்த யோசனையின் எளிமை எனக்கு மிகவும் பிடித்தது.

இதே துருப்பூட்டு வங்காளத்தில் திறந்தபோது விலை கொடுத்தது மனிதர்கள். இமயமலையிலிருந்து கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்து படியவைத்த வண்டலில் இயற்கையாகவே துருவோடு ஒட்டிய ஆர்செனிக் இருந்தது. ஆக்சிஜன் இல்லாத நிலத்தடியில் துரு கரைந்து ஆர்செனிக் நீருக்கு வந்தது. குளத்து நீரின் கிருமிகளிலிருந்து தப்பிக்க வேண்டும் என்று நல்லெண்ணத்தோடு 1970களிலிருந்து போடப்பட்ட குழாய்க் கிணறுகள் அந்த நீரைக் கோடிக்கணக்கானவர்களுக்கு ஊற்றின. மண்ணில் ஆர்செனிக்கின் மொத்த அளவு அப்படியொன்றும் அசாதாரணமாக இல்லை. மொத்தத்தை மட்டும் அளந்து பார்த்தவர் யாரும் எச்சரிக்கை மணி அடித்திருக்க மாட்டார்.

திறக்கும் சாவியும் மூடும் சாவியும் ஒன்றே

உலோகங்களுக்கு இந்தக் கதை தலைகீழ். ஈயம், காட்மியம், துத்தநாகம், பாதரசம் ஆகியவை சல்பைடோடு சேர்ந்தால் மிகக் குறைவாகவே கரையும் பொருள்களாகின்றன. ஆக, நாற்றமடிக்கும் கறுப்புச் சேறு ஆர்செனிக்குக்கும் பாஸ்பேட்டுக்கும் பெரும்பாலும் திறந்த கதவு, இந்த உலோகங்களுக்குப் பூட்டிய பெட்டி. ஆக்சிஜன் பட்டால் இரண்டும் இடம் மாறிக்கொள்கின்றன. பாதரசத்துக்கு மட்டும் இன்னொரு சிக்கல் உண்டு: அதே ஆக்சிஜனற்ற சேற்றில் வாழும் சில நுண்ணுயிர்கள் அதை மீத்தைல் பாதரசமாக மாற்றுகின்றன. மீன் வழியாக மேலே ஏறிவரும் வடிவம் அது.

துறைமுகத்தில் தூர்வாரும்போது நடப்பது இந்த இடமாற்றம். கறுப்புச் சேறு கலங்கி மேலே வந்து காற்றோட்டமுள்ள நீரைத் தொடுகிறது. சல்பைடு ஆக்சிஜனோடு சேர்கிறது. உலோகங்கள் கொஞ்சம் விடுபடுகின்றன. ஆனால் அங்கேயே இரும்பும் துருவாகி, விடுபட்டதில் ஒரு பங்கைத் திரும்பப் பிடித்துக்கொள்கிறது. எனவே கலங்கிய அந்தச் சில மணி நேரத்தைவிட, வாரிய சேற்றைக் கரையில் கொட்டி வைப்பதுதான் பல இடங்களில் பெரிய தொல்லை. காய்ந்த சேற்றில் சல்பைடு மெதுவாகக் கந்தக அமிலமாகிறது. அமிலம் உலோகத்தை இறக்குகிறது. கேரளத்தின் குட்டநாட்டில் கரி நிலம் என்று அழைக்கப்படும் வயல்களில் விவசாயிகள் சுண்ணாம்பு போட்டுப் போராடுவது இதே வேதியியலோடுதான். கடலோரச் சதுப்பில் முன்பு படிந்த சல்பைடு, நீர் வடிந்து காற்றுப் படும்போதெல்லாம் அங்கே மண்ணைப் புளிக்கச் செய்கிறது.

உப்புக்கும் ஒரு பங்கு இருக்கிறது. ஆற்று வண்டலில் ஒட்டிவரும் காட்மியம், கழிமுகத்தில் கடல்நீரைச் சந்தித்ததும் வண்டலை விட்டுக் குளோரைடோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். ஆறு முழுக்க அடங்கியிருந்தது முகத்துவாரத்தில் கரையும்.

இவ்வளவு விடுபட்டாலும் அவை சேற்றுக்குள்ளிருந்து மேலே வர வேண்டுமே. சேற்றுத் துகள்களின் இடுக்கில் நிற்கும் நீரில் கரைந்தவை பரவல் மூலம்தான், அதாவது செறிவு கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத் தாமாக ஊர்ந்துதான், நகர்கின்றன. பரவலின் விதி விசித்திரமானது: தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்கு. ஒரு சென்டிமீட்டரைக் கடக்க ஏறக்குறைய ஒரு நாள் ஆகிறது என்றால், ஒரு மீட்டரைக் கடக்கப் பத்தாயிரம் நாள், அதாவது 27 ஆண்டுகள். மாசுபட்ட சேற்றின் மேல் சில பத்து சென்டிமீட்டர் சுத்தமான மணலைப் பரப்பிவிடுவது ஒரு வைத்தியமாக இருப்பது இந்த விதியின் தயவால். நண்டும் புழுவும் வளை தோண்டி அந்த நீரை இறைக்கும்போது இந்தக் கணக்குக் கெட்டுவிடும். அதனால் மணலின் கனத்தை அவை தோண்டும் ஆழத்தை வைத்துத் தீர்மானிக்க வேண்டும்.

ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் இவை எல்லாவற்றையும் ஒன்றாக யோசிக்க வேண்டியிருந்தது. 1932 முதல் 1968 வரை அங்கிருந்த ரசாயன ஆலை பாதரசக் கழிவைக் கடலில் விட்டது. நோய் 1956 மே 1 அன்று அதிகாரபூர்வமாகப் பதிவானது. கழிவு நின்ற பிறகும் சேறு கிடந்தது. என்ன செய்வது? அப்படியே விட்டால் மீனுக்குப் போகும். கிளறினால் இன்னும் வேகமாகப் போகலாம். 1977இல் தொடங்கிய வேலை 1990இல் முடிந்தது. கிலோவுக்கு 25 மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் இருந்த சேற்றை, கலக்காமல் உறிஞ்சி எடுத்து, விரிகுடாவின் உட்பகுதியில் தடுப்புக் கட்டி அடைத்து, மேலே சுத்தமான மண் போட்டு மூடினார்கள். சுமார் 15 லட்சம் கன மீட்டர் சேறு, 58 ஹெக்டேர் புதிய நிலம், 4,850 கோடி யென் செலவு. இன்று அது பூங்கா. பாதரசம் எங்கும் போய்விடவில்லை, புல்தரைக்குக் கீழே இருக்கிறது. அதை அங்கேயே இருக்கச் செய்வதற்கு அந்தத் தடுப்புச் சுவர்களைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எண்ணூரில்

சாம்பலும் கடல் சேறும் ஒரே இடத்தில் கலந்தால் என்ன ஆகும் என்பதற்கு நாம் தூரம் போக வேண்டாம். சென்னைக்கு வடக்கே, கொசஸ்தலை ஆறு கடலைச் சேரும் எண்ணூர்க் கழியில், அனல் மின் நிலையத்தின் சாம்பல் கூழைக் குளத்துக்குக் கொண்டுபோகும் குழாய்கள் கசிந்து பல ஆண்டுகளாகச் சாம்பல் படிந்திருக்கிறது. இறால் பிடித்த இடங்களில் சாம்பல் மேவிவிட்டது என்று மீனவர்கள் சொல்லிக்கொண்டே வருகிறார்கள்.

மேலே பார்த்ததையெல்லாம் இங்கே பொருத்திப் பாருங்கள். துகளின் தோலில் இருந்த உப்புகள் முதல் சில அலைகளோடு போயிருக்கும். அமெரிக்காவின் டென்னசியில் 2008 டிசம்பர் 22 அன்று சாம்பல் அணை உடைந்து 40 லட்சம் கன மீட்டருக்கு மேல் ஆற்றில் பாய்ந்தபோது, ஓடும் நீரில் ஆர்செனிக் கலந்து நீர்த்துப்போனது. அதைப் பார்த்து நிம்மதி அடைந்திருக்கலாம். ஆனால் ஆற்றடியில் புதைந்த சாம்பலின் இடுக்கு நீரில், ஆக்சிஜன் இல்லாத இடத்தில், ஆர்செனிக் பலமடங்கு இருந்தது. எண்ணூர்க் கழியில் மேலே ஓடும் நீரை மட்டும் பாட்டிலில் பிடித்துச் சோதித்தால் அந்த அடிநீர் கண்ணிலேயே படாது. நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும் கடல்நீர் உப்பையும் சல்பேட்டையும் சாம்பலுக்குள் கொண்டுபோகிறது. சாம்பலை அள்ளி எடுக்க வேண்டும் என்பது அந்த ஊர்க்காரர்கள் நெடுங்காலமாகக் கேட்டுவருவது, நியாயமான கோரிக்கை. எப்படி அள்ளுவது, அள்ளியதை எங்கே எந்த நீர் படாமல் வைப்பது என்று முடிவு செய்ய, முதலில் அந்த இடுக்கு நீரைக் கையில் எடுக்க வேண்டும்.

அதை எடுப்பதும் லேசான வேலை கிடையாது. இரு பக்கமும் திறந்த ஒரு குழாயைச் சேற்றில் நேராக இறக்கி, அடைத்து, மேலே தூக்குவார்கள். நைட்ரஜன் நிரப்பிய பெட்டிக்குள் வைத்து, ஒவ்வொரு சென்டிமீட்டராக வெட்டி, நீரைப் பிழிந்து, உடனே வடிகட்டி அமிலம் சேர்ப்பார்கள். அந்தப் பெட்டி இல்லாமல் திறந்த வெளியில் பிழிந்தால், முதலில் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும் நீர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கலங்கிப் பழுப்பாகும். கரைந்திருந்த இரும்பு காற்றுப் பட்டுத் துருவாகிறது. ஆர்செனிக்கையும் பாஸ்பேட்டையும் பிடித்துக்கொண்டு பாட்டிலின் அடியில் போய் உட்கார்ந்துவிடுகிறது. மேலே தெளிந்திருக்கும் நீரை மட்டும் அளந்தால், ஒன்றும் இல்லை என்று அறிக்கை வரும்.